சுனை மடிப்பில் இரண்டு நாள்

எஸ்கலான்டே ஊரைத் தாண்டிப் போல்டர் நெருங்கும்போது, சாலையின் இரு பக்கமும் தரை காணாமல் போய்விட்டது. ‘ஹாக்ஸ்பேக்’ என்று அந்த இடத்துக்குப் பெயர். மலையின் முதுகெலும்பு மேலேயே தார்ச்சாலை போகிறது. இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் பள்ளத்தாக்கு, வலப்பக்கமும் பள்ளத்தாக்கு. அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு ஓட்டி வந்த அக்கா, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, “பேச்சுக் கொடுக்காத” என்றாள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் 12ஆம் எண் நெடுஞ்சாலை இது. நீளம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அன்று காலை அதன் மேற்குக் கோடியில் பிரைஸ் கேன்யன் பார்த்தோம். ஆயிரக்கணக்கில் நிற்கும் ஆரஞ்சு நிறக் கல்தூண்களைச் செதுக்குவதில் பெரும்பங்கு பனிக்கு. விரிசலில் இறங்கும் நீர் இரவில் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கிறது, பகலில் உருகி ஓடுகிறது. ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் அங்கே இது நடக்கிறது. அழகான இடம்தான். ஆனால் கூட்டம் அதிகம், நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை.

போல்டருக்கு அப்பால் சாலை 9,600 அடி வரை ஏறுகிறது. பாலைவனம் மறைந்து ஆஸ்பென் மரக்காடு வந்துவிடுகிறது. உச்சியில் வண்டியை ஓரங்கட்டிக் கிழக்கே பார்த்தோம். கீழே அடிவானம் வரை செம்பாறை. அதன் பின்னால் நீலமாக ஹென்றி மலைகள். அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால், அமெரிக்க வரைபடத்தில் கடைசியாக இடம்பிடித்த மலைத்தொடர் அதுதான் என்கிறார்கள். 1872இல்தான் அது வரைபடத்தில் ஏறியது.

நாங்கள் தேடி வந்தது கீழே தெரிந்த அந்தச் செம்பாறையைத்தான். கேபிடல் ரீஃப் தேசியப் பூங்கா. திண்ணைப் படி மேல் பாயை விரித்தால் அது வளைந்து இறங்குமே, அப்படிப் பாறை அடுக்குகள் மொத்தமாக வளைந்து கிடக்கின்றன. இந்த மடிப்பு 160 கிலோமீட்டர் நீளம். இதன் பெயர் ‘வாட்டர்பாக்கெட் ஃபோல்டு’. பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்பதால் வந்த பெயர். நமக்குச் ‘சுனை’ என்ற ஒரு சொல் போதும். சுனை மடிப்பு என்று சொல்லிப் பார்த்ததும் அந்த நிலம் எனக்கு நெருக்கமாகிவிட்டது.

மறுநாள் காலை பூங்காவுக்குள் இருக்கும் கேபிடல் கார்ஜ் என்ற இடுக்குப் பள்ளத்தாக்குக்குப் போனோம். ஆகஸ்ட் மாதம், திடீர் மழைக்காலம். மழை வரும் போலிருந்தால் உள்ளே போகாதீர்கள் என்று பலகை எச்சரிக்கிறது. அப்போது வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. தார் முடிந்து மண்சாலை, அதுவும் முடிந்து நடை. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், அவற்றில் கருமையாக வழிந்த கறை. காலடியில் இருப்பது ஆற்றுப் படுகை. 1962 வரை இந்த ஊர்களுக்கு இதுதான் பெருவழி என்றால் நம்ப முடிகிறதா? வெள்ளம் வந்துபோகும் போதெல்லாம் உருண்டு கிடந்த கற்களை அப்புறப்படுத்திவிட்டு வண்டி ஓட்டியிருக்கிறார்கள். சுவரில் உயரத்தில் 1871 முதல் வழிப்போக்கர்கள் செதுக்கிய பெயர்கள் இருக்கின்றன. இன்று அப்படிச் செதுக்குவது குற்றம்.

கொஞ்சம் மேலேறினால் சுனைகள். நான் குனிந்து பார்த்த சுனை ஒரு அண்டா அளவு இருக்கும். அடியில் செம்மணல் படிந்து, நீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அதில் பத்துப் பன்னிரண்டு தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் சுடுகிற வெற்றுப்பாறை. நீர் வற்றுமுன் அவை கால் முளைத்துத் தவளையாகிவிட வேண்டும். கைவிட்டுத் தொட ஆசையாக இருந்தது. தொடவில்லை. கையில் பூசியிருந்த வெயில் களிம்பு கொஞ்சம் கரைந்தாலும் அந்த உயிர்களுக்கு ஆபத்து.

அப்போதுதான் தொலைவில் இடி கேட்டது. தலைக்கு மேலே இன்னும் நீலம்தான். “கெளம்பு” என்றாள் அக்கா. நான் மறுபேச்சுப் பேசவில்லை. இந்த நாட்டில் மழை எங்கோ பெய்யும், வெள்ளம் இங்கே வரும். வேக வேகமாக நடந்து வண்டிக்கு வந்து சேர்ந்தோம்.

ஃப்ரூட்டாவுக்குத் திரும்பியதும் பசி. 1880களில் மார்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள், இன்று பூங்காவாக இருக்கும் நிலத்தில் அமைத்த ஊர் அது. ஒரே சமயத்தில் பத்துக் குடும்பத்துக்கு மேல் அங்கே இருந்ததில்லை. ஃப்ரீமான்ட் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பழமரம் வைத்தார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே ஃப்ரீமான்ட் பழங்குடிகள் இதே ஆற்றங்கரையில் பயிர் செய்து, கொம்புள்ள ஆடுகளையும் அகன்ற தோள் மனிதர்களையும் பாறையில் கொத்தி வைத்துப் போயிருக்கிறார்கள். குடியேறிகளின் தோட்டத்தைப் பூங்கா இன்றும் வாய்க்கால் பாசனத்தில் காப்பாற்றி வருகிறது. தோட்டத்துக்குள் நின்று தின்றால் காசில்லை. பறித்து எடுத்துப் போனால் எடை போட்டு நாமே பெட்டியில் பணம் போட வேண்டும்.

பீச் பழக்காலம். ஏணி சாத்தி, வெயிலில் வெதுவெதுப்பாக இருந்த ஒரு பழத்தைத் திருகி எடுத்தேன். கடித்ததும் சாறு முழங்கை வரை வழிந்தது. யூட்டாவின் ஐந்து தேசியப் பூங்காக்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், தயங்காமல் இங்கே அனுப்புவேன்.

சாயங்காலம் கை கழுவ ஆற்றங்கரைக்குப் போனோம். காலையில் கூழாங்கல் தெரிய ஓடிய ஆறு, செங்கல் கரைத்த நிறத்தில் சுள்ளிகளை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எங்கள் மேல் ஒரு சொட்டு மழைகூட விழவில்லை. அக்கா என் தோளில் கை போட்டுக்கொண்டாள். இருட்டும் வரை அங்கேயே நின்றோம்.