ஏழு மணிக்கு வருபவர்

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து சென்னையில் குடியேறிய ஈழத்தமிழர்கள் ஓரிடத்தில் கூடினால், வெயிலையும் கொசுவையும் போக்குவரத்து நெரிசலையும் உரத்த குரலில் குறை சொல்வார்கள்; வீட்டுவேலைக்கு யார் வருகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான். கணவரின் பணி காரணமாக கனடாவின் ஸ்காபுறோவிலிருந்து சென்னையின் கோட்டூர்புரத்துக்கு வந்த எங்களுக்கு இந்த நகரம் முதலில் தந்தது ஓய்வு. பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்க ஒருவர், சமைக்க ஒருவர், தெருமுனையில் இஸ்திரி வண்டி, தொலைபேசியில் சொன்னால் மாடி வரை தூக்கி வந்து வைக்கப்படும் 20 லிட்டர் தண்ணீர் கேன். அங்கே சனிக்கிழமை முழுவதையும் சலவைக்கும் துப்புரவுக்கும் கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்த எனக்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது இங்கேதான். அந்த நன்றியை மறைத்துப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

உறுத்தல் கணக்குப் போட்டபோது தொடங்கியது. மேல்வேலைக்கு எங்கள் தெருவில் அப்போது வழங்கிய மாதச் சம்பளம் 4,000 ரூபாய். 2024 அக்டோபரில், ஸ்காபுறோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.20 டாலர், அங்கே நான்கு மணி நேரம் உழைப்பவர் பெறுவதைவிட, இங்கே ஒரு மாதம் உழைப்பவர் பெறுவது குறைவு. விலைவாசி வேறு என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால், 1983 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பிய என் பெற்றோர் ரொறன்ரோவில் முதலில் செய்த வேலையும் துப்புரவுதான். அம்மா பல ஆண்டுகள் இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவர். ஆகவே இந்தச் செய்தியை அவரிடம் சொல்லத் தயங்கினேன். சொன்னபோது அவர் சம்பளத்தைக் கேட்கவில்லை. "பிள்ளை, அந்த மனுசி எத்தனை மணிக்கு வீட்டிலையிருந்து வெளிக்கிடுறா எண்டு கேட்டனியோ?" என்றுதான் கேட்டார்.

கேட்டேன். காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு மணியை அடிக்கும் அக்கா, நகரின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்திலிருந்து ஐந்து மணிக்கெல்லாம் கிளம்புகிறார். 2015 வெள்ளத்துக்கு முன் அடையாற்றங்கரையில், எங்கள் தெருவுக்கு நடந்தே வந்துவிடும் தொலைவில் அவருடைய வீடு இருந்தது. வெள்ளத்துக்குப் பின் கரையோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். வேலை செய்த வீடுகள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால்தான் இந்த வேலை கட்டுப்படியாகிறது என்றார் அவர். சொகுசுப் பேருந்து முதலில் வந்தால் அதை விட்டுவிட்டு இலவசப் பேருந்துக்குக் காத்திருப்பாராம். அந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் எங்கள் வீட்டு ஏழு மணி.

சம்பளத்தை உயர்த்தி, ஞாயிறு விடுமுறையும் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளமும் என்று பேசி முடித்தோம். இதைக் கேள்விப்பட்ட கீழ்வீட்டு அம்மையார், "நீங்க ரெண்டு வருஷத்துல கிளம்பிடுவீங்க மேடம், ஏத்திவிட்ட சம்பளத்தை நாங்கதான் கொடுக்கணும்" என்றார். எரிச்சலாக இருந்தாலும், அதில் ஒரு நியாயம் உண்டு: எங்களைப் போன்றவர்களின் தாராளம் விமான டிக்கெட்டோடு முடிந்துவிடும். நிலைக்கக் கூடியது விதிதான். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென 2007இல் நல வாரியம் அமைக்கப்பட்டது; பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் போன்றவை உண்டு. அக்கா பதிவு செய்திருக்கவில்லை. அதற்கான அலைச்சலுக்கு எந்த வீடும் அவருக்கு விடுப்புக் கொடுத்ததில்லை. விடுப்பும் துணைக்கு ஆளும் கொடுத்தது, நாங்கள் செய்தவற்றில் ஓரளவு உருப்படியானது என்று நினைக்கிறேன். வீட்டுப் பணியாளர்களின் உரிமைக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. கனடாவும் ஏற்கவில்லை என்பதைப் படித்த பிறகு, "எங்கட நாட்டில் இப்படியெல்லாம் இல்லை" என்று பெருமை பேசுவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

அம்மாவின் கேள்விக்கு விடையாக, ஏழு மணிக்கு வர வேண்டாம், ஒன்பதரைக்கு வந்தால் போதும் என்று அக்காவிடம் சொன்னோம். காலைப் பாத்திரங்களை நானே கழுவிவிடுகிறேன். அது ஒரு சுமையே அல்ல. ஆனால் அவர் இன்றும் ஐந்து மணிக்கே கிளம்புகிறார். எங்கள் வீட்டில் விடுபட்ட அந்த நேரத்துக்கு, பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டைப் பிடித்துக்கொண்டார்.