வீரமாமுனிவர் பிறந்த ஊரில் ஒரு வேண்டுதல்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு ஆண்டுதோறும் போகும் குடும்பம் எங்களுடையது. அந்தக் கோயிலை எழுப்பிய வீரமாமுனிவரின் பிறந்த மண்ணை மிதித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அது நிறைவேறவில்லை. அம்மாவின் ஜெபமாலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் போனேன்.

வட இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே சிறிய ஊர்தான். தெசென்சானோவில் ரயிலை விட்டிறங்கி, தெற்கே பஸ்ஸில் போக வேண்டும். 1680 நவம்பர் 8 அன்று, பிறகு வீரமாமுனிவர் என்று பெயர் பெற்ற பெஸ்கி இங்கேதான் பிறந்தார். அவருக்கு 112 ஆண்டுகள் முன்னதாக இதே ஊரில் பிறந்தவர் புனித ஞானப்பிரகாசியார் (அலோசியுஸ் கொன்சாகா).

இவ்வூர்ப் பசிலிக்கா தேவாலயத்தின் தலைமைப் பீடத்தில், பேழைக்குள் ஞானப்பிரகாசியாரின் மண்டையோடு இருக்கிறது. முழந்தாளிட்டவன் எழ வெகுநேரமாயிற்று. ஞானப்பிரகாசியார் குறுநில மன்னரின் மூத்த மகன். பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்தார். 1591இல் ரோம் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, தெருவில் கிடந்த நோயாளியைத் தோளில் தூக்கிப் போனார். அந்த நோயே அவரையும் கொண்டுபோயிற்று. வயது 23.

சிறுவன் பெஸ்கியும் இவரை நோக்கி மன்றாடியிருப்பான் என்றே நம்புகிறேன். 1698இல் அவரும் அதே சபையில் சேர்ந்தார். பிறகு தமிழகம் வந்தவர், ஊர் திரும்பவே இல்லை.

அடுத்துப் பெரிய கோயிலுக்குப் போனேன். 1859இல் ஞானப்பிரகாசியார் திருநாள் முடிந்த மூன்றாம் நாள், ஜூன் 24 அன்று, அருகே சொல்ஃபெரினோவில் பெரும்போர். காயம்பட்ட ஆயிரக்கணக்கானோர் இவ்வூருக்கு வந்து குவிந்தார்கள். இந்தக் கோயிலே மருத்துவமனையாயிற்று. நம்மவன், பகைவன் என்று பாராமல் ஊர்ப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், புண் கட்டினார்கள். "எல்லாரும் சகோதரர்கள்" என்று அவர்கள் சொன்னதைக் கூடவே நின்று தொண்டு செய்த ஹென்றி துனான் எழுதிவைத்தார். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்து அங்கே விழுந்தது. அடைக்கலம் என்ற சொல்லை ஏலாக்குறிச்சியில் எத்தனையோ முறை பாடியிருக்கிறேன்; அந்தக் கல்தரையில் நின்றபோது கண் கலங்கிவிட்டது.

மாலையில் மீண்டும் பசிலிக்காவுக்கு வந்து, அம்மாவுக்காக ஒரு தாளில் 'வேண்டுதல்' என்று எழுதத் தொடங்கினேன். முதல் எழுத்திலேயே கை நின்றுவிட்டது. எகர, ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைத்துப் பிரித்த பழைய வழக்கத்தை மாற்றி, நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு தந்தவர் வீரமாமுனிவர். அந்தக் கொம்பை மெதுவாகச் சுழித்து முடித்து, அம்மாவின் பெயரை எழுதினேன்.