கரடிப்போக்குக் கடைக் குறிப்புகள்: ஒன்பது பக்க சிவி

2025 மாசி (பெப்ரவரி) 10, திங்கள்

நேற்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்கக் கரண்ட் போனது. இன்றைக்கும் பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு. அதனால் கணினி வேலையெல்லாம் காலையிலேயே.

ரைப் பண்ணிப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற எங்கள் கடைக்கு இப்போது வருகிற வேலையில் பாதி சிவி, அதாவது சுயவிபரக் கோவைதான். அமெரிக்கா தை (ஜனவரி) 20இல் வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தி வைத்ததிலிருந்து, அந்தக் காசில் ஓடிய திட்டங்களில் இருந்தவர்கள் பழைய சுயவிபரக் கோவையைத் தூசு தட்டிக்கொண்டு வருகிறார்கள். கிளிநொச்சியில் பதினைந்து வருடமாக நிறுவனம் மாறி நிறுவனம் வேலை செய்தவர்களின் சிவிக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. போன பயிற்சிப் பட்டறை ஒன்றையும் விடமாட்டார்கள். இன்று வந்த அண்ணையின் சிவி ஒன்பது பக்கம். அதில் மூன்று பக்கம் பட்டறைகள். கைகழுவுவது பற்றி வவுனியாவில் நடந்த அரைநாள் கூட்டமும் இருக்கிறது. அவர் விண்ணப்பிக்கிற வேலை விளம்பரத்தில் இரண்டு பக்கத்துக்கு மேற்படக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

சாட்ஜிபிடியிடம் கொடுத்து இரண்டு பக்கமாக்கு என்றேன். அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. வாசித்தால் அண்ணை புது மனிதராக இருக்கிறார். அவரால் பயனாளிகளின் வருமானம் 30 வீதம் கூடியதாம். "இது எங்கையிருந்து வந்தது?" என்று அவரே கேட்டார். சிவி என்றால் ஒரு வீதக் கணக்கு இருக்கவேண்டும் என்று அது எங்கேயோ படித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவருடைய கோழி வளர்ப்புத் திட்டத்தில் வருமானத்தை யாரும் அளக்கவேயில்லை.

2025 மாசி 11, செவ்வாய்

தைப்பூசம். கடை அரைநாள். அந்த அண்ணையின் ஒன்பது பக்கத்தோடு மறுபடி இருந்தேன்.

இரண்டு பக்கம் என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. அதற்குப் பக்கம் தெரியாது, எழுத்துருவின் அளவும் தெரியாது. ஆங்கில சிவி என்றால் 700, 750 சொல்லுக்குள் என்று கேட்டால் ஓரளவு கிட்ட வரும். அதையும் நம்பக் கூடாது, வேர்டில் போட்டு எண்ணிப் பார்க்கவேண்டும். சொல் எண்ணுவதில் அது சுழியன் இல்லை.

நான் இப்போது கொடுக்கிற கட்டளை இதுதான்: புதிதாக எதையும் சேர்க்காதே, ஆண்டு, எண், பெயர், பதவி எதையும் மாற்றாதே, இதோ வேலை விளம்பரம், இதோ சிவி, எதை வெட்டுவாய், ஏன் வெட்டுவாய் என்று முதலில் சொல்லு, நான் சரி என்ற பிறகு எழுது. கடைசிப் பகுதிதான் முக்கியம். வெட்டப்போவதை முதலே சொன்னால் ஆள் பக்கத்தில் இருந்து "அதை விடு, இதை எடு" என்று சொல்லலாம். எழுதி முடித்த பிறகு காணாமல் போனதைத் தேடுவது பெரும் பாடு.

பட்டறைகள் மூன்று பக்கமும் ஐந்து வரியாகின. அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. சான்றிதழ் எல்லாம் லமினேட் பண்ணி வைத்திருக்கிறாராம்.

2025 மாசி 13, வியாழன்

விவசாய டிப்ளோமா முடித்த தம்பி ஒருவர். தமிழில் சிவி வேண்டும். பழைய பைல் பாமினியில் இருந்தது, அது யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துரு. அப்படியே வெட்டி ஒட்டினால் ஏஐக்குத் தெரிவது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். அப்புறம் வந்த தமிழ் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அரசாங்க அறிக்கை வாசிக்கிற மாதிரி. "நாற்று நட்டுப் பரிசோதித்தேன்" என்பதை "நாற்று நடுகை சார்ந்த பரிசோதனை நடவடிக்கைகளை முன்னெடுத்தல்" என்று எழுதியது. சுருக்கச் சொன்னால் நீட்டுகிறது. தமிழை நானே கையால் வெட்டினேன். கணக்குப் பார்த்தால் அதுதான் வேகம்.

அவரே இன்னொன்றும் கொண்டுவந்தார், அரசாங்க வர்த்தமானியில் (அரசிதழில்) வந்த விண்ணப்பம். அதில் ஏஐக்கு வேலையே இல்லை. மாதிரிப் படிவம் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படியே நிரப்பவேண்டும்.

2025 மாசி 17, திங்கள்

தர்மபுரம் பக்கத்து அக்கா. 2012இலிருந்து கண்ணிவெடி அகற்றும் வேலை, கடைசி ஐந்து வருடம் குழுத் தலைவி. கண்ணிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 மார்கழியில் (டிசம்பரில்) சேர்ந்தது. 2028க்குள் அகற்றி முடிக்கவேண்டும். அதற்குப் பிறகு இந்த வேலை இருக்காது என்று அக்காவுக்குத் தெரியும், அதனால் இப்போதே வேறு தேடுகிறார். ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனம், வேலைத்தளத்தில் விபத்து நடக்காமல் பார்க்கிற பாதுகாப்பு உத்தியோகத்தர் கேட்டிருக்கிறது. நாலு பக்கத்தை இரண்டாக்கவேண்டும்.

பழைய போர்முனையான முகமாலையில் அவர் செய்த கண்ணிவெடி வேலையை ஏஐ ஒரே வரியில் முடித்துவிட்டது: வெளிக்களப் பணியில் பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றியவர். புல்லு வெட்டுகிறவருக்கும் இதை எழுதலாம். ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறினவர். பிழை சொல்ல முடியாது, மூலத்திலேயே அப்படித்தான் சப்பென்று எழுதியிருந்தது. முந்தி யாரோ ஒரு நண்பருடைய சிவியைப் பார்த்து எழுதியதாம்.

நான் கேட்டேன்.

"அக்கா, உங்கடை குழுவிலை எத்தினை பேர்?"

"பன்னிரண்டு."

"ஐஞ்சு வருசத்திலை ஆருக்கும் காயம்?"

"ஒருத்தருக்கும் இல்லை. நான் விடேல்லையே."

பாதுகாப்பு உத்தியோகத்தர் வேலைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நாலு பக்கத்தில் எங்கேயும் இது இல்லை. எழுதாததை எந்தக் கருவிதான் எடுத்துக் காட்டும்? ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முன் குழுவுக்கு விளக்கம் கொடுத்தது, காயப்பட்டவரைத் தூக்கிச் செல்கிற ஒத்திகை நடத்தியது, துப்புரவாக்கிய இடத்தை வரைபடத்தில் குறித்தது, எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிச் சேர்த்தேன். நாலு பக்கம் ஐந்தானது. பிறகுதான் ஏஐயிடம் கொடுத்தேன். இந்த முறை வெட்டியது நன்றாக இருந்தது. பாடசாலையில் வலைப்பந்து விளையாடினதை எடுத்தது, ஒரே பொருளில் இருந்த மூன்று வரியை ஒன்றாக்கியது. நம்மைப் பற்றிச் சாட்சி சொல்ல என்று போடுகிற, உறவினர் அல்லாத இருவரின் பெயரையும் எடுக்கச் சொன்னது. அதை மட்டும் நான் கேட்கவில்லை. இங்கே எல்லா விளம்பரத்திலும் அந்த இருவரையும் கேட்பார்கள்.

ஒரு கேள்வியும் கேட்டது. 2007க்கும் 2012க்கும் இடையில் ஒன்றும் இல்லையே, அந்த இடைவெளியை விளக்கலாமே என்று. குடும்பப் பொறுப்பு காரணமாக ஓய்வு என்று போடலாமாம். வாசித்துக் காட்டினேன். அக்கா சிரித்தார்.

"ஓய்வோ? மாத்தளனிலை நிண்டனாங்கள், பிறகு மெனிக்பாம். அதை எந்தத் தலைப்புக்குக் கீழை போடுவாய்?"

மாத்தளன் போரின் கடைசி மாதங்களில் சனம் சிக்கியிருந்த இடம், மெனிக்பாம் பிறகு அடைத்து வைத்த முகாம். போடவில்லை. கேட்டால் நேர்முகத்தில் நானே சொல்லுவேன் என்றார். சாதாரண தரப் பரீட்சை 2007, வேலை 2012இலிருந்து. வன்னியில் அந்த வயதுக்காரர் எல்லாருடைய சிவியிலும் இந்த இடத்தில் ஒரு வெள்ளை இருக்கும். கொழும்பில் இருந்து வாசிக்கிறவருக்குப் புரியாவிட்டால் அது அவருடைய பாடு.

2025 மாசி 18, செவ்வாய்

அடையாள அட்டை எண்ணை ஏஐயில் ஒட்டுகிறவர்களைப் பற்றி எழுதி வைக்கவேண்டும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு எண்ணில் பாதி வரலாறு. முகவரி, போன், உறவினர் அல்லாத இருவரின் போன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் நான் ஒட்டுகிறேன், கடைசியில் வேர்டில் திரும்பப் போடுகிறேன். நம்முடைய உரையாடலைப் பயிற்சிக்கு எடுக்கலாம் என்று சாட்ஜிபிடி அமைப்புகளில் ஒரு தெரிவு இருக்கிறது, அதை அணைத்து வைத்திருக்கிறேன். இன்று வந்த தங்கச்சி "ஆர் அக்கா என்ரை போன் நம்பரை எடுத்து என்ன செய்யப் போயினம்?" என்றாள். அவளுடையதைக் கொடுக்கலாம், அது அவளுடைய விருப்பம். மற்ற இருவரையும் கேட்டாளா?

2025 மாசி 21, வெள்ளி

அறுவடை மெசின்கள் ஏ9 வீதி வழியே ஊர்ந்து போகின்றன. தூசி எல்லாம் பிரிண்டருக்குள்.

ஒன்பது பக்கத்து அண்ணை காசு கொடுக்க வந்தார். வழமையான விலைப்பலகை பக்கக் கணக்கு. இரண்டு பக்கத்துக்குக் காசை நீட்டினார். அண்ணை, ஒன்பதையும் வாசித்துத்தானே இரண்டாக்கினது என்றேன். "ஏஐ தானே செய்தது?" என்றார். கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் நாலு பக்கக் காசு தந்தார். பலகையில் சுருக்குவதற்கென்று தனி வரி ஒன்று எழுதி ஒட்டிவிட்டேன், ரைப் பண்ணுவதைவிட விலை கூட. அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் முழு நீளத்திலேயே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார்கள்.