தஞ்சைப் பக்கம் ஹாட் லேப் பொறுப்பேற்க வருகிறவர்களுக்கு

இங்கிலாந்திலோ மலேசியாவிலோ ஒரு மருத்துவமனை ரேடியோபார்மசியில் (கதிரியக்க மருந்து தயாரிக்கும் பிரிவில்) வேலை பார்த்துவிட்டு, பூர்வீகம் என்ற பிடிமானத்தோடு காவிரிப் படுகைக்குக் குடிவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓசிஐ அட்டை, வாடகை வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஹாட் லேப்புக்குள், அதாவது அந்த மருந்தைக் கலந்து அளக்கும் அறைக்குள், என்ன மாறும் என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

வேதியியல் மாறாது. ஸ்கேனுக்குப் பயன்படும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம்-இன் அரை ஆயுள் (பாதியாகத் தேயும் நேரம்) அங்கேயும் 6 மணி நேரம், இங்கேயும் 6 மணி நேரம். சாலை, மின்சாரம், ஈரப்பதம், கூட வேலை செய்பவர்களின் பழக்கவழக்கம் எல்லாம் வேறு. அங்கே இவற்றை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். இங்கே மேற்பார்வையாளர் தலையில்தான் விழும்.

முதலில் காகித வேலை. அணுமருத்துவத் துறையின் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி, அதாவது ஆர்.எஸ்.ஓ., ஆவதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பி-யின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டில் எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் அது தானாக வந்துவிடாது. ஐசோடோப் (கதிரியக்கப் பொருள்) வாங்க அனுமதி கேட்பது உட்பட எல்லாம் அந்த வாரியத்தின் இ-லோரா இணையதளம் வழியாகத்தான் நடக்கும். கிளம்பும் முன் பழைய மருத்துவமனையில் உங்கள் டோஸ் பதிவேட்டின் (உங்கள் உடம்பில் பட்ட கதிர்வீச்சுக் கணக்கின்) நகலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. வரம்பும் கொஞ்சம் வேறு. இங்கிலாந்தில் ஒரு காலண்டர் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். இந்தியாவில் தொடர்ச்சியான 5 ஆண்டுகளுக்குச் சேர்த்து 100, அதில் எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பழைய கணக்கு கையில் இருந்தால்தான் இந்த ஐந்தாண்டுக் கூட்டல் சரியாக வரும். அந்தக் கதிர்வீச்சை அளக்க அணியும் டிஎல்டி பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். ஆகவே ஏதாவது எகிறியிருந்தாலும் உங்களுக்குத் தெரியவர நாளாகும். உடனுக்குடன் அளவு காட்டும் பாக்கெட் டோசிமீட்டர் ஒன்றையும் சேர்த்து அணிவது நல்லது.

அடுத்தது அலகு. கதிரியக்க அளவை இங்கே எல்லோரும் மில்லிகியூரியில் பேசுவார்கள். 1 மில்லிகியூரி 37 மெகாபெக்கரல். எலும்பு ஸ்கேனுக்கு 20 மில்லிகியூரி என்றால் 740 மெகாபெக்கரல். இங்கிலாந்தில் அதே ஸ்கேனுக்குப் பழகியது 600. மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிபிரேட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் அலகு மாறிவிடும். அலகைவிட ஆபத்து ஐசோடோப் பொத்தான். அயோடின்-131 அளந்துவிட்டு டெக்னீசியத்துக்கு மாற்ற மறந்தால், திரையில் தெரியும் எண் நம்பும்படியாகவே இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும். வந்த வாரமே கருவியை ஒரே அலகில் நிறுத்தி, சிரிஞ்சு லேபிளிலும் பதிவேட்டிலும் அதையே அச்சடித்துவிடுங்கள். காலையில் கருவியைச் சோதிக்க சீசியம்-137 சோர்ஸை வைத்துப் பார்க்கும்போது சீசியத்தின் சேனலில் (ஐசோடோப் பொத்தானில்) மட்டும் பார்க்காமல், அன்று பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு சேனலிலும் பார்த்து எழுத வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் ஒரு சிரிஞ்சும் வெளியே போகக்கூடாது.

டெக்னீசியம் ஜெனரேட்டர், அதாவது உள்ளே மாலிப்டினம் தேய்ந்து டெக்னீசியமாக மாறும் கவசப் பெட்டி, நவி மும்பை வாஷியிலுள்ள பிரிட் நிறுவனத்திலிருந்து வரலாம், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகவும் வரலாம். எப்படி வந்தாலும் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கி, சாலை வழியாகத்தான் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ வர வேண்டும். உள்ளே இருக்கும் மாலிப்டினம்-99-இன் அரை ஆயுள் 66 மணி நேரம். ஒரு நாள் தாமதித்தால் 22 சதவீதம் போச்சு. திங்கட்கிழமை இருப்பதில் வெள்ளிக்கிழமை மிஞ்சுவது 36 சதவீதம்தான். அதனால் வாரத்தைத் தலைகீழாகத் திட்டமிட வேண்டும்: 20 மில்லிகியூரி கேட்கும் எலும்பு ஸ்கேன்களும் இதய ஸ்கேன்களும் வாரத் தொடக்கத்தில், 2 முதல் 5 மில்லிகியூரியில் முடிகிற தைராய்டு, சிறுநீரக ஸ்கேன்கள் வியாழன், வெள்ளியில். பொங்கல் வாரம், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, 2028-இல் வரப்போகும் கும்பகோணம் மகாமகம், இவற்றையெல்லாம் ஆர்டர் காலண்டரில் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சாலை அடைபட்டால் மாலிப்டினம் காத்திருக்காது.

எலூஷன் எடுத்த பிறகு, அதாவது ஜெனரேட்டருக்குள் உப்புநீரை ஓட்டி டெக்னீசியத்தைக் கரைத்து எடுத்த பிறகு, டெக்னீசியம் மறுபடி உச்சத்துக்கு வர ஏறக்குறைய 23 மணி நேரம் பிடிக்கும். ஆனால் 4 மணி நேரத்திலேயே உச்சத்தில் சுமார் 45 சதவீதமும், 6 மணி நேரத்தில் 60 சதவீதமும் வந்துவிடும். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களைக் காலை எட்டு மணிக்கு எதிர்பார்ப்பது நியாயமில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரமாகும். கிட் என்பது டெக்னீசியம் சேர்த்துக் கலக்கும் மருந்துப் பொடி. எட்டு மணிக்குக் கலந்த கிட்டில் மதியம் ஒரு மணிக்கு ஒருவருக்கு 20 மில்லிகியூரி கொடுக்க, காலையில் அவருக்கென்று 36 மில்லிகியூரி ஒதுக்க வேண்டும். தூரத்து ஆட்களை ஒன்றாகத் திரட்டி, மதியம் இரண்டாவது எலூஷன் எடுத்துக் கொடுப்பதுதான் சிக்கனம்.

எலூவேட்டில் (எலூஷனில் கிடைக்கும் திரவத்தில்) மாலிப்டினம் கசிவு பார்ப்பதை ஒவ்வொரு எலூஷனுக்கும் செய்ய வேண்டும். அது இருக்கும் வயலை (மருந்துக் குப்பியை) தடிமனான ஈயக் குடுவையில் வைத்தால் டெக்னீசியத்தின் 140 கேஇவி ஆற்றலுள்ள கதிர் அடங்கிவிடும், மாலிப்டினத்தின் 740 கேஇவி கதிர் மட்டும் வெளியே வரும். வரம்பு: 1 மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினம், அதுவும் ஊசி போடும் நேரத்தில். டெக்னீசியம் வேகமாகத் தேய்வதால் இந்த விகிதம் நேரம் ஆக ஆக ஏறும். காலையில் 0.08 என்றால் ஆறு மணி நேரத்தில் 0.15-ஐத் தொட்டுவிடும். பதிவேட்டில் ‘சரி’ என்று டிக் அடித்து வைப்பதில் பிரயோஜனமில்லை. எண்ணை எழுதி, பக்கத்தில் அந்த எலூவேட்டைப் பயன்படுத்தக்கூடிய கடைசி நேரத்தையும் எழுத வேண்டும். அலுமினியத்துக்கு நிறத்தாள் போதும். மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரம்பு. அதைத் தாண்டினால் எலும்பு ஸ்கேனில் கல்லீரல் தெரியும், கல்லீரல் ஸ்கேன் மருந்தான சல்ஃபர் கொலாய்டு திரண்டு நுரையீரலில் மாட்டும்.

கிட் கெடுவதற்கு முக்கியக் காரணம் காற்று. வயலுக்குள் இருக்கும், டெக்னீசியத்தை மருந்தோடு ஒட்டவைக்கும் ஸ்டானஸ் (வெள்ளீய) உப்பு மைக்ரோகிராம், மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். சிரிஞ்சிலிருந்து ஒரு குமிழி உள்ளே போனாலே அதில் ஒரு பகுதி வீணாகும். வீணானால் டெக்னீசியம் ஒட்டாமல் பெர்டெக்னெடேட்டாகவே நிற்கும். படத்தில் தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பை மூன்றும் தெரிந்தால் இதுதான் விஷயம். மாறாகக் கல்லீரல் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், ஒடுங்கி நீராற்பகுத்த டெக்னீசியமா (மருந்தில் ஒட்டாமல் துகளாகத் திரண்டது), அலுமினியமா என்று தேட வேண்டும். ஞாயிறு முழுக்கச் சும்மா இருந்த ஜெனரேட்டரின் முதல் எலூஷனில், டெக்னீசியம்-99எம் தேய்ந்து மிஞ்சும் டெக்னீசியம்-99 அதிகம் சேர்ந்திருக்கும். கதிரியக்கம் குறைவாகத் தெரிந்தாலும் அதுவும் ஸ்டானஸைத் தின்னும். மூளை ஸ்கேனுக்கான ஹெச்எம்பிஏஓ போன்ற நுணுக்கமான கிட்டுக்குத் திங்கட்கிழமை முதல் எலூவேட்டைத் தொடவே கூடாது. இதய ஸ்கேனுக்கான மிபி கிட்டைக் கொதிநீரில் முழுதாக 10 நிமிடம் வைக்க வேண்டும். குளிர்ந்த ஈயக் கவசத்தோடு இறக்கினால் தண்ணீர் கொதி நின்றுபோகும், மறுபடி கொதி வந்த பிறகே நேரம் எண்ணத் தொடங்க வேண்டும். நுரையீரல் ஸ்கேனுக்கான எம்ஏஏ-வை உறிஞ்சும் முன் வயலைப் புரட்டிக் கலக்க வேண்டும். ஊசி போடுகிறவர் சிரிஞ்சுக்குள் ரத்தத்தை இழுத்தால் கட்டி உண்டாகி, நுரையீரலில் புள்ளி புள்ளியாக விழும்.

இதையெல்லாம் பிடித்துக்கொடுப்பது இரண்டு காகிதத் துண்டுகள். ஒரு துளி மருந்து வைத்த வாட்மேன் 3எம்எம் தாள் துண்டுகளில் ஒன்றை அசிட்டோனிலும் ஒன்றை உப்புநீரிலும் ஓட்டுகிறோம். அசிட்டோனில் மேலே ஓடிப்போவது ஒட்டாத பெர்டெக்னெடேட். எலும்பு ஸ்கேன் மருந்தான எம்டிபிக்கு உப்புநீரில் அடியிலேயே தங்குவது ஒடுங்கிய டெக்னீசியம். இரண்டையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் தூய்மை. 90-க்குக் கீழே இருந்தால் கொட்ட வேண்டியதுதான். பத்து நிமிட வேலை. ஆனால் முதல் நோயாளி வாசலில் உட்கார்ந்திருக்கும்போது இதைத்தான் முதலில் தவிர்ப்பார்கள்.

இதற்குப் பின்னால் இன்னொரு சங்கதி இருக்கிறது. இங்கிலாந்தில் தயாரிப்பவர் ஒருவர், வெளியிடக் கையெழுத்திடுபவர் வேறொருவர் என்பது ரத்தத்தில் ஊறிய வழக்கம். இங்கே ஹாட் லேப்பில் மொத்தமே இரண்டு பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் இன்னொருவரை “சார்” என்று கூப்பிடுவார். சார் கலந்த கிட்டில் தப்பு இருக்கிறது என்று சொல்ல நேற்று சேர்ந்த தம்பிக்கு வாய் வராது. “சார், நீங்களே ஒருதடவை பாத்துருங்களேன்” என்று நைசாக நகர்ந்துவிடுவார். வாக்குவாதத்தை ஆளிடமிருந்து எடுத்துத் தாளிடம் கொடுத்துவிடுவதுதான் தீர்வு: அந்தக் காகிதப் பட்டையைப் படிப்பது எப்போதும் இளையவர், எண்ணை அவர் எழுதும் வரை ஊசி அறைக்கு ஜன்னல் திறக்கக்கூடாது. பெரியவர் கலந்தாலும் இதே விதிதான் என்பதை நீங்களே சில முறை கைகட்டி நின்று காட்டினால் போதும், பழகிவிடும்.

மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை செய்தித்தாளில் முன்கூட்டியே வரும். அன்றைய அட்டவணையைக் குறையுங்கள். மெயின் போய் ஜென்செட் எடுக்கும் சில நொடிகளில், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் நின்றுவிடும். அயோடின்-131 கரைசல் ஆவியாகக்கூடியது, ஆகையால் மின்தடை அறிவித்த நேரத்தில் அந்த வயலைத் திறக்கவே கூடாது. காலிபிரேட்டரும் கணினியும் யுபிஎஸ்ஸில் இருந்தே ஆக வேண்டும். கரண்ட் வந்த பிறகு சீசியத்தை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுக்கும் காமா கேமரா அறையின் ஏசியை இரவில் அணைக்கிற சிக்கனம் வேண்டாம். கேமராவுக்குள் இருக்கும் சோடியம் அயோடைடு படிகம் வெப்பநிலை சட்டென்று மாறினால் விரிசல் விடும், ஈரம் பட்டால் மஞ்சளாகும். சித்திரை வெயிலில் ஏசி அணைந்து இரண்டு மணி நேரம் போனால், அந்தப் படிகத்தின் விலையை நிர்வாகத்துக்கு நினைவூட்டுங்கள்.

பெட் ஸ்கேனுக்கான எஃப்டிஜி (ஃப்ளோரின்-18 ஏற்றிய சர்க்கரை மருந்து) கணக்கு இன்னும் கறாரானது. ஃப்ளோரின்-18 அரை ஆயுள் 110 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரானிலிருந்து ஆறு மணி நேரச் சாலைப் பயணம் என்றால் வந்து சேர்வது பத்தில் ஒரு பங்கு. மூன்று மணி நேரம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. வண்டி கிளம்பிவிட்டது என்ற போன் வந்த பிறகுதான் முதல் நோயாளியைத் தயார் செய்ய வேண்டும். 511 கேஇவி கதிருக்கு ஈய ஏப்ரன் உதவாது. டங்ஸ்டன் சிரிஞ்சுக் கவசமும் தூரமும் வேகமும்தான்.

பெட் ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் வெறும் வயிறா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். நீராகாரம் குடித்தீர்களா, டீ குடித்தீர்களா, வெற்றிலை போட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மெல்லும் தாடைத் தசை எஃப்டிஜியை இழுத்து, படத்தில் பளிச்சென்று தெரியும். அடினோசின் கொடுத்துச் செய்யும் இதயப் பரிசோதனைக்கு முந்தைய நாளே காப்பியை நிறுத்தச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்காரரிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள், மனைவியிடம் மூன்றாவது முறை. அயோடின் சிகிச்சைக்கு முன் கடல்மீன், கருவாடு, அயோடின் உப்பு மூன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். நாகப்பட்டினத்துக்காரருக்கு இது லேசான காரியமில்லை. “முழுகாம இருக்கீங்களாம்மா?” என்ற கேள்வியை மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. உடை மாற்றும் அறையில், பெண் ஊழியர் தனியாகக் கேட்கட்டும்.

கழிவை பத்து அரை ஆயுள் வைத்திருக்கும் கணக்கு இங்கும் அதேதான்: டெக்னீசியத்துக்கு இரண்டரை நாள், அயோடின்-131-க்கு 80 நாள். அயோடின் சிகிச்சை வார்டு இருந்தால், அதன் கதிரியக்கக் கழிவுநீரைச் சேர்த்து வைக்கும் தேக்கத் தொட்டியைப் போய்ப் பாருங்கள். வல்லம் பக்கம் மேடு, கவலை குறைவு. திருவாரூர், நாகை நோக்கிப் போகப் போக, ஐப்பசி கார்த்திகையில் ஓரடி தோண்டினால் தண்ணீர் வரும். பூமிக்குள் பதித்த தொட்டிக்கு வெளியிலிருந்து நீர் கசிந்தால் மட்டக் கருவி பொய் சொல்லும், 80 நாள் ஆகும் முன்பே நிரம்பிவிடும். வார்டில் ஆளே இல்லாத நாட்களில் மட்டம் ஏறுகிறதா என்று மழைக்கு முன்னும் பின்னும் குறித்து வைத்தால் பிடிபட்டுவிடும்.

வாடகை வீடு பார்க்கும்போது வேலையைச் சொன்னால், “அதெல்லாம் ஒங்க மேல ஒட்டிக்கிட்டு வருமா தம்பி?” என்று வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. வெளியே வருமுன் கை, கால், செருப்பு மூன்றையும் கதிரியக்க மானிட்டரில் காட்டிவிட்டு, லேப் செருப்பை லேப்பிலேயே விட்டுவிட்டுத்தான் வருகிறோம் என்று சொல்லுங்கள். அதைத் தினமும் செய்யவும் செய்யுங்கள். காலி ஜெனரேட்டர் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போதும் மேற்பரப்பை அளந்து, பழைய கதிரியக்க லேபிளை அகற்றிவிட்டோ புதிய அளவுக்கேற்ப மாற்றிவிட்டோதான் டிரைவரிடம் கொடுக்க வேண்டும்.