கொழும்பு, 1942 ஏப்ரல் 5: முந்திய நாளே வந்த செய்தி ஏன் போதவில்லை?

கறுவாத்தோட்டத்து ரேஸ்கோர்ஸில் இன்று கடைகளும் ரக்பி மைதானமும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில், அது பிரிட்டிஷ் போர் விமானங்களின் ஓடுபாதை. அப்படியொரு ஓடுபாதை இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை ஏழே முக்கால் அளவில் ஜப்பானிய விமானத் தளபதி மிட்சுவோ புச்சிதா சுமார் 125 விமானங்களோடு நகரின் மேல் வந்தபோது அவர்கள் தேடியது ரத்மலானை விமான நிலையத்தைத்தான். அதனால் ரேஸ்கோர்ஸிலிருந்த 258ஆவது ஸ்குவாட்ரனின் (விமான அணி) 14 ஹரிக்கேன் போர் விமானங்களும் இடையூறின்றி எழும்பின. அவற்றில் 9 சுட்டு வீழ்த்தப்பட்டன. ரத்மலானையில் 30ஆவது ஸ்குவாட்ரனின் விமானங்கள் குண்டு விழும்போதுதான் ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்தன.

இத்தனைக்கும் எதிரி வருவது முந்திய நாளே தெரியும். ஏப்ரல் 4 பிற்பகல், கொக்கலை வாவியிலிருந்து கிளம்பிய கட்டலினா கடல் விமானம் ஒன்றின் கனடிய விமானி லெனார்ட் பிர்ச்சல், இலங்கைக்குத் தென்கிழக்கே சுமார் 360 மைல் தொலைவில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டார். அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு என ஐந்து விமானந்தாங்கிகள். கப்பல்களை எண்ணித் திசையையும் வேகத்தையும் ரேடியோவில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியரின் சீரோ போர் விமானங்கள் அவரை வீழ்த்தின. 9 பேரில் 6 பேர் உயிரோடு பிடிபட்டார்கள். 'இலங்கையைக் காப்பாற்றியவர்' என்ற பெயர் பிர்ச்சலுக்கு இந்தச் செய்தியால்தான் வந்தது.

துறைமுகத்தைப் பொறுத்தவரை அந்தப் பெயர் நியாயமானது. நகரக்கூடிய கப்பல்களை எல்லாம் அன்றிரவே வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஜப்பானியரால் ஹெக்டர், டெனெடோஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்களை மூழ்கடிக்கவும் வேறு சிலவற்றைச் சேதப்படுத்தவுமே முடிந்தது. பேர்ள் ஹார்பரில் போல் வரிசையாகக் கட்டியிருந்த கப்பல்கள் இங்கே இல்லை. ஆனால் வானத்தைப் பொறுத்தவரை பிர்ச்சலின் செய்தி போதவில்லை. ஏன் என்பதை யாரும் விரிவாகப் பேசுவதில்லை.

எதிரி நாளை வருவான் என்பது ஒரு செய்தி. இன்னும் இருபது நிமிடத்தில், இந்தத் திசையிலிருந்து, இந்த உயரத்தில் வருவான் என்பது வேறு செய்தி. போர் விமானத்துக்குத் தேவை இரண்டாவது. குண்டுவீச்சு அணி நிமிடத்துக்கு இரண்டரை மைல் அளவில் நகரும் என்று வையுங்கள். ராடர் அதை 50 மைலில் பிடித்தால் கையில் இருபது நிமிடம். அதற்குள் ராடர் நிலையம் தொலைபேசியில் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டு அறையில் மேசை வரைபடத்தில் குறிக்க வேண்டும், ஸ்குவாட்ரனுக்கு ஆணை போக வேண்டும், இயந்திரம் கிளப்பி எழும்ப வேண்டும். 15,000 அடிக்கு ஏற ஹரிக்கேனுக்கு மேலும் ஆறேழு நிமிடம் பிடிக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் விமானி எதிரிக்குக் கீழே மாட்டிக்கொள்வார்.

அன்று அறுந்தது முதல் கண்ணியே. கொழும்பு கோல்ப் மைதானத்தில் மார்ச் இறுதியில்தான் ஒரு ராடர் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. அந்த ஒரு கருவிதான் மேற்குக் கரைக்கு. எச்சரிக்கை எதுவும் ரத்மலானைக்குப் போய்ச் சேரவில்லை. கண்ணால் கண்ட பிறகுதான் எழும்பினார்கள். மழை மேகங்கள் வேறு.

உயரம் கைவசமிருந்தால் ஹரிக்கேனுக்கும் வழி உண்டு. அது சீரோவை விடப் பாரமானது, விமானிக்குப் பின்னால் கவசத் தகடு இருந்தது. மேலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, நிற்காமல் விலகிப் போகலாம். கீழிருந்து ஏறும்போது வேகம் குறைவு. குறைந்த வேகத்தில் சீரோ மிகச் சிறிய வட்டத்தில் திரும்பிப் பின்னால் வந்துவிடும். ஐரோப்பாவில் பழகிய விமானிகள் இயல்பாகத் திரும்பிச் சண்டையிடப் பார்த்தார்கள். கடற்படையின் புல்மார்கள் இன்னும் பாவம்: இரண்டு பேர் அமரும் பாரமான விமானம், எழும்பிய 6இல் 4 போயின. திருகோணமலையிலிருந்து டோர்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம்) சுமந்து ரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த 6 ஸ்வோர்ட்பிஷ் விமானங்களும் சீரோக்களின் நடுவே வந்து விழுந்தன. கொழும்பு தாக்கப்படுகிறது, திரும்பிப் போங்கள் என்று அவற்றை எவரும் தடுத்து நிறுத்தவில்லை.

அங்கொடை மனநல மருத்துவமனை மேலும் குண்டு விழுந்தது. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளென்று தவறாக எண்ணினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தக் காலைப் பொழுதின் மிகக் கொடிய பகுதி இதுதான். கப்பல் கணக்கு எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

இனி ஜப்பானியர் பக்கம். இங்கேதான் எனக்கு இந்தப் போரின் திறவுகோல் இருப்பதாகத் தோன்றுகிறது. நகுமோ தன் விமானங்களில் பாதியைக் கப்பலிலேயே வைத்திருந்தார். பிரிட்டிஷ் கடற்படை தென்பட்டால் அடிக்க ஷோகாகு, சுய்காகுவின் விமானங்களில் டோர்பிடோ மாட்டியிருந்தது. புச்சிதா இரண்டாவது தாக்குதல் வேண்டும் என்று செய்தி அனுப்பியதும், டோர்பிடோவை இறக்கித் தரைக்குண்டு (தரை இலக்குகளுக்கான குண்டு) ஏற்ற ஆணை போனது. சற்று நேரத்தில் கடலில் இரண்டு பிரிட்டிஷ் குரூசர் போர்க்கப்பல்கள் தெரிந்தன. மறுபடியும் டோர்பிடோ ஏற்ற ஆணை.

எழுதும்போது இது சின்ன வேலை. டோர்பிடோவும் பெரிய குண்டும் தலா 800 கிலோ அளவு. ஒன்றைத் தள்ளுவண்டியில் இறக்கி, விமானத்தின் அடியில் அதைப் பிடித்திருக்கும் தாங்கியைக் கழற்றி, மற்றதன் தாங்கியைப் பூட்டி, கீழ்த் தளத்திலிருந்து குண்டைத் தூக்கி வந்து ஏற்ற வேண்டும். எல்லா விமானத்துக்கும் ஒரே நேரத்தில் தள்ளுவண்டி கிடையாது. அணி அணியாகத்தான் நடக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, இடையில் ஆணை மாறினால் இன்னும் இழுக்கும். அன்றும் இழுத்தது. டோர்பிடோ விமானங்கள் எழும்பவே இல்லை. அந்தக் குரூசர்களான டோர்செட்ஷையர், கோர்ன்வோல் இரண்டையும், மேலிருந்து பாய்ந்து குண்டு போடும் 53 பாய்குண்டு விமானங்கள் மட்டுமே சில நிமிடங்களில் முடித்துவிட்டன. 424 பேர் இறந்தார்கள்; தப்பிய 1,122 பேர் மறுநாள் மாலை வரை கடலில் கிடந்தார்கள். வெற்றி இவ்வளவு எளிதாக வந்ததால், ஆயுதம் மாற்றுவதில் பட்ட தாமதம் மறைந்துபோனது.

ஏப்ரல் 9 திருகோணமலை தாக்கப்பட்டது. துறைமுகத்திலிருந்து முன்னிரவே வெளியேற்றப்பட்ட ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டது. அதில் ஒரு விமானமும் இல்லை. உதவி கேட்டு அனுப்பிய செய்தி உரிய இடத்துக்குப் போகவில்லை. ரத்மலானையிலிருந்து கிளம்பிய புல்மார்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் மூழ்கிவிட்டது. 307 பேர் இறந்தார்கள்.

அதே நாளில் 9 பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் படையைக் கண்டுபிடித்தன. ஜப்பானியக் கப்பல்களில் ராடர் இல்லை. அகாகியின் அருகே குண்டுகள் விழுந்து நீர் எழும்பிய பிறகுதான் மேலே ஆள் இருப்பது தெரிந்தது. ஒன்றும் படவில்லை, 5 பிளென்ஹைம்கள் திரும்பவில்லை.

ஜூன் 4, பசிபிக் கடலின் மிட்வே தீவருகே அமெரிக்கரோடு நடந்த போரில் அதே சிக்கல் மீண்டும் வந்தது. காலை ஏழேகாலுக்கு நகுமோ டோர்பிடோவை இறக்கித் தரைக்குண்டு ஏற்றச் சொன்னார். அரை மணி நேரத்தில், அமெரிக்கக் கப்பல்கள் தென்பட்டதும், நிறுத்தச் சொன்னார். பத்து இருபது அளவில் அமெரிக்கப் பாய்குண்டு விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை யாரும் பார்க்கவில்லை. கொழும்புக்கு வந்த ஐந்தில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும், பழுதுபார்க்கப் போனதால் இங்கே வராத காகாவும் அங்கே மூழ்கின.