தராசும் வாயும்

பெப்ரவரி 11

திகதிக்கு ஒரு அதிகாரமாக வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தை வாசிக்கிறோம். மொத்தம் 31 அதிகாரம், மாதத்தோடு முடிந்துவிடும். பெப்ரவரி போல 31 நாள் இல்லாத மாதங்களில் கடைசி நாளில் மிச்சத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இன்றைய முதல் வசனமே "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது". கிளிநொச்சிப் பக்கம் காலபோக அறுவடை நடக்கிறது, நெல் றோட்டோரம் காய்கிறது. இந்த நேரத்தில் இதைவிடப் பொருத்தமான வசனம் வேறென்ன?

அந்தக் காலத்து நிறைகல் உண்மையிலேயே கல்தான். யூதேயாவில் தோண்டி எடுத்த, ஒரு சேக்கல் (அந்தக் கால நிறை அளவு) கல் கிட்டத்தட்ட 11 கிராம். வாங்கப் பெரிய கல், விற்கச் சின்னக் கல் என்று பையில் இரண்டு விதமாய் வைத்திருப்பார்கள். வேதாகமத்தில் உபாகமம் 25ஆம் அதிகாரம் தடுப்பது அதைத்தான்.

பெப்ரவரி 18

கட்டாக்காலி மாடு புகுந்து பக்கத்து வயலில் அரைவாசி போய்விட்டது. மாடு மேய்க்கும் பொடியன் ஒருவனைப் பிடித்து வைத்து ஆளாளுக்கு ஏசினார்கள். மாமாதான், "முதல்ல அவனைச் சொல்ல விடுங்கோ" என்றார். பிறகு மாட்டின் காதுத் தகட்டு இலக்கத்தைப் பார்த்தால், அது அவனுடைய பட்டி மாடே இல்லை. இன்றைய அதிகாரம் 13ஆம் வசனம்: "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்." ஏசியவர்களில் ஒருவர்கூட அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் மனதை வருத்துகிறது.

பெப்ரவரி 20

யாவாரி வந்தார். நெல்லைக் கையில் அள்ளியதுமே, "ஈரம் கிடக்கு ஐயா, பதரும் கூட" என்றார். மாமா ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார்; படக்கென்று உடைந்தது. அப்புறம், சாக்குக்கென்று மூடைக்கு 2 கிலோ கழிப்பாராம்.

மாமா சண்டைக்குப் போகவில்லை. "வெறுஞ்சாக்கை ஒருக்கா தராசில வையுங்கோ தம்பி" என்றார். கால் கிலோகூட வரவில்லை. யாவாரி ஒன்றும் பேசாமல் கழிவைக் குறைத்தார். கள்ளன் என்று தொடங்கியிருந்தால் லொறியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்.

ஏற்றி முடிய, ஆலைக்குப் போன் எடுத்து "நல்ல காய்ச்சல் நெல்லு" என்கிறார்! "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்ட பின்போ மெச்சிக்கொள்வான்." இன்றைய 14ஆம் வசனம் அப்படியே. தராசில் விரல் வைப்பதும் நல்ல நெல்லைக் கூடாதென்பதும் ஒரே களவுதான் என்பேன்.

அடியில் கிடந்த மூடை ஒன்று பனியில் நனைந்திருந்தது. யாவாரி அதைக் கவனிக்கவில்லை. மாமா தானே காட்டி இறக்குவித்தார். காயவிட்டு அடுத்த கிழமை தருவதாகச் சொன்னார்.