எங்கள் வீட்டு மேட்டூர் அணை

நேற்று மாதாந்திர ஷட்டவுன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் பத்து மணிக்கு எழுந்து, பல் துலக்கி, ஆற அமர வந்து, "ஃபேன் ஓடுதே அண்ணி" என்று ஹால் டிவிக்குக் கீழே இருக்கும் பிளக்கில் மிக்ஸியைச் சொருகினாள். உள்ளே தேங்காய்ச் சட்னி. ஒரு 'உர்ர்' கேட்டது, அவ்வளவுதான். ஃபேன் நின்றது, லைட் போனது, இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"யாரு மதகை உடைச்சது?" கொல்லையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி மாமா ஓடி வந்தார்.

தெரிந்ததுதானே. மாமாவுக்கு அந்த பேட்டரிதான் மேட்டூர். 120 அடிக்கு நிரம்பியிருந்தாலும் பாசனத்துக்குத் திறக்கும் ஜூன் 12 வராமல் திறக்க மாட்டார். அதிலும் முறைப்பாசனம்: ஹால் ஃபேன் ஓடினால் ரூம் ஃபேன் ஓடாது. எங்கள் அறை கடைமடை. இன்வெர்ட்டர் லைனே அங்கே வரவில்லை. என் மகள் தினமும் பேட்டரி பக்கம் குனிந்து, "தாத்தா, இன்னிக்கு எத்தனை அடி?" என்று கேட்கிறாள். அவரும் மூடியில் நிற்கும் மிதவையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார். அது டிஸ்டில்டு வாட்டர் அளவு, சார்ஜ் இல்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

இன்வெர்ட்டர் பெட்டியில் 850 விஏ என்று போட்டிருக்கும். வாட்டில் 700 தாண்டாது. மிக்ஸி 750 வாட், போட்டவுடன் அதைவிட அதிகமாக இழுக்கும். இதையெல்லாம் மாமா நாத்தனாருக்கு வகுப்பெடுத்து முடிக்கும்போது சட்னியை அத்தை அம்மியில் வழித்துக்கொண்டிருந்தார். இட்லி ஆறிப்போயிருந்தது.

மாலை கரண்ட் வந்ததும், "பாதிக்கு மேல மிச்சம்!" என்றார் பெருமையாக. நாள் பூராவும் வேர்த்து ஊற்றியது எங்களுக்கு.

கோபமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், 2018 கஜா புயல் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. கம்பமெல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மோட்டார் ஓட்டித் தண்ணீர் டேங்க் நிரப்பக் காசு வாங்கினார்கள். என் மகள் அப்போது கைக்குழந்தை. கொசுவும் புழுக்கமுமாக அவள் வீறிட்ட ராத்திரிகளில் பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் மாமாதான். கை மாற்றி கை மாற்றி வீசுவார். நான் வாங்க வந்தால், "நீ படும்மா" என்பார். ஊருக்குக் கரண்ட் வந்த கையோடு வாங்கியதுதான் இந்த இன்வெர்ட்டர்.

சரி, அதற்காகக் கடைமடைக்கு ஒரு ஃபேன் லைன்கூட இழுக்கக் கூடாதா? மாமா தூங்கும் நேரமாகப் பார்த்து எலக்ட்ரீஷியன் தம்பிக்கு போன் போட்டேன். "அரை மணி நேர வேலைதான்க்கா," என்றான், "ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க, வந்துடறேன்."